வடலூருக்குப் போன படங்கள்

"யாருமே நின்னு பார்க்கல டீச்சர்," என்றார் கலியமூர்த்தி.

ஜெசிந்தா டீச்சர் படத்துக்கு அட்டை வெட்டிக்கொண்டிருந்தார். கடலூரில் ஒரு டயர் கடைக்கு மேலே அவருடைய அறை. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வாட்டர்கலர் வகுப்பு. மற்ற நாட்களில் தன் படங்களைத் தானே தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கண்காட்சிக்குப் போவார்.

கலியமூர்த்தி அவரைவிட வயதில் ரொம்ப மூத்தவர். ஆனாலும் வகுப்பில் உட்கார்ந்துவிட்டால் தண்ணீர் குடிக்கக்கூடக் கை தூக்கி அனுமதி கேட்கிற மாணவர்.

எங்கே நிற்கவில்லை என்று டீச்சர் கேட்டார்.

சென்னையில், ஏசி ஹாலில். ஒரே ஒருவர் நின்றாராம். அவரும் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று கேட்கத்தான் நின்றாராம். ஒரு அம்மா இதே படம் நீலத்தில் கிடைக்குமா, எங்கள் சோபா நீலம் என்றாராம்.

கலியமூர்த்தி வரைவது ஒரே ஒரு ஊரைத்தான். நெய்வேலி டவுன்ஷிப். சுரங்கத்தில் வேலை, குவார்ட்டர்ஸில் குடித்தனம். ரிட்டயர் ஆனதும் எல்லாரையும் போல வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த வருஷமே மனைவி தனபாக்கியம் தவறிப்போனார். அதற்குப் பிறகுதான் பிரஷ்ஷைத் தொட்டார்.

மரம் கவிந்த ரோடு, ஷிப்ட் பஸ், பால் பூத், துணி துவைக்கிற கல். எதையும் போய்ப் பார்த்து வரைவதில்லை. அந்த ஊர் அவருக்குள் அப்படியே இருந்தது. அதை நினைத்தால் தூக்கம் வராது. எழுந்து உட்கார்ந்து வரைவார்.

"இன்னும் ஒரே ஒரு கண்காட்சி டீச்சர். அதுலயும் யாரும் நிக்கலன்னா பிரஷ்ஷக் கழுவி வச்சிடறேன். கோவத்துல சொல்லல."

கோபத்தில் சொல்லவில்லை என்பது டீச்சருக்கும் தெரிந்தது. கத்தியைக் கீழே வைத்தார்.

எந்தக் கண்காட்சி என்று நீங்களே சொல்லுங்கள் என்றார் கலியமூர்த்தி.

"புதுச்சேரியில ஒண்ணு நடக்குது. படத்தை வீட்ல வச்சிட்டு, சும்மா போய்ப் பாத்துட்டு வாங்க."

போனார். வந்து ஒப்பித்தார். லைட் எப்படிப் போட்டிருந்தார்கள், யாருடைய பிரேம் கனம், யாருடைய பச்சை பச்சையாகவே இல்லை, எல்லாம் சொன்னார்.

"யார் வந்தாங்க?"

"நல்ல கூட்டம்."

"யார் வந்தாங்க சார்?"

கலியமூர்த்தி முழித்தார். படம் போடுகிறவர்கள் எல்லாருக்கும் இருக்கிற வியாதிதான். கண்காட்சிக்குப் போனால் சுவரைப் பார்த்தபடியே நடந்து, வந்தவர்களுக்கு முதுகைக் காட்டிவிட்டுத் திரும்பி வருவார்கள்.

டீச்சர் மறுபடியும் அனுப்பினார்.

இந்த முறை பார்த்துக்கொண்டு வந்தார். வந்தவர்கள் பெரும்பாலும் டூருக்கு வந்தவர்கள். பெட்டிக்குள் அடங்குகிற மாதிரி சின்னப் படமாக வாங்குகிறார்கள். அதில் ஒரு படகு இருந்தால் பேரம்கூடப் பேசுவதில்லை.

"நானும் ஒரு படகு போட்டுடட்டுமா டீச்சர்?"

டீச்சர் எழுந்தார். கலியமூர்த்தி கையோடு கொண்டுவந்திருந்த குவார்ட்டர்ஸ் படத்தை எடுத்து மேஜையில் வைத்தார். பெரிய பிரஷ்ஷில் நீலத்தைத் தோய்த்து, படத்துக்கு மேலே பிடித்தார்.

"எங்க விடலாம் சார்? ரோட்டுலயா, கொல்லையிலயா?"

கலியமூர்த்தி படத்தைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். நீலம் அவர் சட்டையில் சொட்டியது.

டீச்சர் சாவதானமாகப் பிரஷ்ஷைக் கழுவினார்.

"உங்களை மாதிரி சாவி குடுத்தவங்கல்லாம் இப்ப எங்க இருக்காங்க?"

கலியமூர்த்தி யோசித்தார். பிள்ளைகளோடு போனவர்கள் போக, நிறையப் பேர் வடலூரில் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டார்கள் என்றார்.

"வடலூர்ல மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை கல்யாண மண்டபத்துல கண்காட்சி போடறாங்க."

அது அவருக்கும் தெரியும். புடவை, நைட்டி, ஊறுகாய், தொட்டிச் செடி. முகம் சுருங்கிவிட்டது. ஊறுகாய்க் கடைக்குப் பக்கத்திலா என் படம் என்று கேட்டார்.

"ஊறுகா வாங்க வர்றவங்களுக்கும் கண்ணு இருக்கு சார்."

சென்னை ஏசியில் பட்ட அவமானமே தேவலை என்று தோன்றியது அவருக்கு. ஆனாலும் இடம் பிடித்துவிட்டார்.

முந்தின வாரம் டீச்சர் மொட்டை மாடியில் ஒத்திகை வைத்தார். மேஜை, துணி, படம் மாட்ட வலைக்கம்பி, எல்லாம் அங்கே எப்படியோ அப்படியே. டீச்சர்தான் வாடிக்கையாளர்.

டீச்சர் பக்கத்தில் வந்ததுமே கலியமூர்த்தி விளக்க ஆரம்பித்தார். டீச்சர் நகர்ந்து போய்விட்டார்.

அடுத்த முறை கலியமூர்த்தி மும்முரமாகப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதும் டீச்சர் போய்விட்டார்.

பிறகு கலியமூர்த்தி எழுந்து, வாயை மூடிக்கொண்டு, வணக்கம் மட்டும் வைத்தார். டீச்சர் நின்று பார்த்தார்.

படங்களுக்குக் கீழே ஒட்டியிருந்த தலைப்புகளையும் படித்தார். 'நினைவின் வீதி', 'மௌனத்தின் முற்றம்' என்றெல்லாம் கலியமூர்த்தி ராத்திரி கண்விழித்து யோசித்து வைத்தவை. டீச்சர் ஒவ்வொன்றாகக் கிழித்தார்.

"இது எந்த பிளாக்?"

"பதினாறு. எட்டாம் நம்பர். நாங்க இருந்த வீடு."

"அதை எழுதுங்க."

ஞாயிற்றுக்கிழமை வந்தது.

காலை முழுக்கப் புடவைக் கடையில்தான் கூட்டம். டீச்சர் ஒரு ஓரமாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கலியமூர்த்தி வணக்கம் வைத்து வைத்துக் கை ஓய்ந்துபோனார். முடிந்தது கதை என்று நினைத்தபோது ஒரு பெரியவர் நின்றார். கொல்லைப்புறப் படத்தை உற்றுப் பார்த்தார்.

"பைப்பு தப்பா போட்டிருக்கீங்க. இடது பக்கம் இருக்கும்."

"எங்க வீட்ல வலது பக்கம் சார்."

பெரியவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு அவர் முகம் மலர்ந்துவிட்டது. அங்கே வீடுகள் இரண்டிரண்டாக ஒட்டியிருக்கும். ஒன்றில் வலது பக்கம் இருப்பது அடுத்ததில் இடது பக்கம்.

அப்படியானால் நீங்கள் ஜோடியில் அந்தப் பக்கத்து வீடு என்றார். புடவைக் கடையில் நின்ற மனைவியைக் கூப்பிட்டார். அந்தம்மா கூட இருந்தவர்களையும் இழுத்துக்கொண்டு வந்தார். பால் பூத் கதவு பச்சையா, சாம்பலா என்று இரண்டு பேர் வாதாடினார்கள். இந்தப் பலாமரம் 'தானே' புயலில் விழுந்துவிட்டது என்று ஒருவர் சொன்னார். விழவில்லை, கிளைதான் முறிந்தது என்று இன்னொருவர் மறுத்தார். கலியமூர்த்தி எல்லாரிடமும் திட்டு வாங்கிக்கொண்டு நின்றார். இவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்து ரொம்ப நாளாகிறது.

கூட்டம் கலைந்த பிறகும் ஒரு பெண் மட்டும் போகவில்லை. கையில் ஊறுகாய் பாட்டில். 'பிளாக் பதினாறு, எட்டாம் நம்பர்' என்று எழுதியிருந்த படத்துக்கு முன்னால் நின்றிருந்தார்.

"சார், உங்களுக்கு அப்புறம் இந்த வீட்டுக்கு வந்தது நாங்கதான்."

கலியமூர்த்தி அவர் பக்கத்தில் போய் நின்றார்.

அந்தப் பெண் படத்தில் காம்பவுண்ட் மூலையைத் தொட்டுக் காட்டினார். "இங்க ஒரு நந்தியாவட்டை இருக்குமே. அதைக் காணோம்?"

"அது சின்னக் கன்னும்மா. வீட்டைக் காலி பண்றதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி எங்க வீட்டம்மா வச்சாங்க. இனிமே யாருக்கு இதுன்னு நான்கூடச் சத்தம் போட்டேன். வர்றவங்க பிடுங்கிப் போட்டிருப்பாங்கன்னு நினைச்சிட்டேன்."

"பிடுங்கறதா? என் உயரத்துக்கு மேல வளந்துச்சு சார். காலையில நான் பறிச்சது போக, பக்கத்து வீட்டுக்காரங்களும் கூடை கூடையா எடுத்துட்டுப் போவாங்க. நாங்க காலி பண்ணப்பகூடப் பூத்துக்கிட்டுதான் இருந்துச்சு."

கலியமூர்த்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறைக்கவெல்லாம் இல்லை.

இந்தப் படத்தை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றார் அந்தப் பெண்.

கலியமூர்த்தி படத்தைக் கம்பியிலிருந்து கழற்றினார். அந்தப் பெண் கை நீட்டினார். அவர் கொடுக்கவில்லை.

"இது இன்னும் முடியலம்மா. அடுத்த மாசம் வந்து வாங்கிக்குங்க."

டீச்சர் டீயைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க," என்றார் கலியமூர்த்தி. "நான் அது பூத்துப் பாக்கவே இல்ல. பூ ஒத்தை இதழா, அடுக்கா?"

"அடுக்கு சார்."