சாயல்குடிக்கு எவ்வளவு?

என் மனைவி தங்கபுஷ்பத்தை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் தரச் சொன்னாள். அன்று மதியம் அவள் உடலை மதுரையிலிருந்து சாயல்குடிக்குக் கொண்டுபோக, ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் வண்டி கேட்டேன். அங்கே வாடகை பேசுவது தரகர் வேலாண்டி ஒருவர்தான். அவர் பேசும்போது ஓட்டுநர்கள் தள்ளி நிற்க வேண்டும். என் காதருகே வந்து, "பதினஞ்சாயிரம்" என்றார்.

செல்போனில் தேடினேன். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்களில் இணையதளத்தில் விலையைப் போட்டிருந்தவன் இன்பராஜ் மட்டும்தான். சாயல்குடிக்கு ஆறாயிரம். கூப்பிட்டேன், வந்தான். தங்கபுஷ்பத்தை ஏற்றியதுமே நான்கு ஓட்டுநர்கள் இரும்புக் கம்பியோடு வண்டியைச் சூழ்ந்தார்கள். வேலாண்டி சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

"வெப்சைட்ல இருக்கிற விலையை இப்பவே எடுடா. இல்லேன்னா வண்டி எரியும்."

வண்டிக்குள் அவள் இருந்தாள்.

இன்பராஜ் செல்போனை எடுத்தான். "எடுத்துடுறேண்ணே. அந்த இடத்துல உங்க விலையையே போடுறேன். சாயல்குடிக்கு எவ்வளவு?"

வேலாண்டி ஓட்டுநர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிக் கைகாட்டினார்.

"ஏழாயிரம்னு போடு" என்றான் கம்பி வைத்திருந்த ஒருவன். "அதுல பாதி எங்களுக்குத் தர்றாரு அண்ணன்."

"என்கிட்ட பதினஞ்சு கேட்டாருப்பா" என்றேன்.

நான்கு பேரும் மெல்ல வேலாண்டி பக்கம் திரும்பினார்கள். அவர் சாவியை நீட்டினார்.

"நானும் அவர்கிட்ட ரெண்டு வருஷம் ஓட்டினவன்தாங்கய்யா" என்றான் இன்பராஜ் வழியில். அருப்புக்கோட்டை தாண்டும்வரை, பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டே ஓட்டினான்.

அந்த வாசலில் இப்போது ஒன்பது வண்டிகள் நிற்கின்றன. ஒன்பதின் கதவிலும் விலை எழுதியிருக்கிறது.