கத்தரித் தோட்டத்து எட்டுப் பலகைகள்

மொட்டைப்பனையூரில் பதினேழு பனைமரம் உண்டு. பதினேழுக்கும் தலை இருக்கிறது. பிறகு ஏன் ஊருக்கு அந்தப் பேர் என்று அங்கே இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அப்படிப்பட்ட ஊர்.

அந்த ஊர்க் கத்தரித் தோட்டத்துக்குச் சங்கிலி கங்காணி. களையெடுக்க வரும் பன்னிரண்டு பெண்களைக் காலையில் எண்ணி இறக்கி, சாயங்காலம் எண்ணி ஏற்றுவது அவர் வேலை. பன்னிரண்டில் ஒருத்தி அவர் சம்சாரம் அழகுத்தாய். இளைப்புக்காரி. போன வருஷம் மருந்தடித்த வயலில் தெரியாமல் இறங்கி நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அந்த நாலு நாளும் தோட்டத்தில் ஆள் பதினொன்று. சங்கிலி எத்தனை தடவை எண்ணிப் பார்த்தாலும் பதினொன்றுதான் வந்தது.

அதனால் இந்தத் தடவை காய்ப்புழுவுக்கு மருந்தடித்த செவ்வாய்க்கிழமை, விவசாய ஆபீசரம்மா சொன்னதை அவர் ஒரு சொல் சிந்தாமல் கேட்டுக்கொண்டார்.

"மூணு நாளைக்கு யாரும் உள்ளே கால் வைக்கக்கூடாது. சுத்தி எச்சரிக்கைப் பலகை நடுங்க. பலகையைப் பார்த்ததுமே ஆள் திரும்பிப் போகணும். மூணு நாள் கழிச்சு எடுத்துட்டு, எடுத்தாச்சுன்னு தெரியப்படுத்துங்க. எதையுமே வாயால சொன்னாப் போதாது. எழுதி வைக்கணும்."

தச்சர் மாடக்கண்ணு எட்டுப் பலகை செய்தார். மருந்தடித்த தவசி சிவப்புப் பெயிண்டில் எட்டிலும் எழுதினான்: 'மருந்து அடித்த வயல். உள்ளே வராதே.' எழுதி முடித்த பிறகுதான் பெரிய கேள்வி வந்தது. எழுத்து எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

"பலகை யாருக்கு?" என்றார் மாடக்கண்ணு.

"வேலை செய்யுற ஆளுக்கு" என்றார் சங்கிலி.

"வேலை செய்யுற ஆள் எங்கே நிப்பா?"

"வயலுக்குள்ளே."

"அப்புறம் என்ன மச்சான், வெளியே போற ஆடு மாடா படிக்கப் போவுது?"

சங்கிலிக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை. எட்டுப் பலகையும் வரப்பில், வயலைப் பார்த்து நின்றன. எழுத்துத் தெரிகிறதா என்று பார்க்கத் தவசி வயலின் நட்டநடுவே போய் நின்றான்.

"தெரியுதாடா?"

"நல்லாத் தெரியுது மாமா! உள்ளே வரக்கூடாதாம்!"

கரையேறியதும் தவசிக்கு முழங்காலுக்குக் கீழே அரிக்க ஆரம்பித்தது. "பாத்தியா, பலகை பொய் சொல்லலை" என்றார் மாடக்கண்ணு.

புதன்கிழமை காலை பன்னிரண்டு பேரும் வந்தார்கள். வரப்பிலிருந்து பார்த்தால் எட்டு மொட்டைப் பலகை.

"என்னங்க இது?" என்றாள் அழகுத்தாய்.

"எச்சரிக்கைப் பலகை."

"ஒண்ணும் எழுதலையே?"

"அந்தப் பக்கம் எழுதியிருக்கு."

"என்னன்னு?"

சங்கிலி வாயைத் திறந்தார். வாயால் சொன்னால் போதாது என்று ஆபீசரம்மா சொன்னது ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டார்.

"சொல்ல மாட்டீங்களாக்கும்? நானே போய்ப் படிச்சுக்கிறேன்" என்று சேலையைத் தூக்கிச் செருகி, ஒரு காலை வயலுக்கு நீட்டினாள்.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் நாலு பேர் முன்னால் சங்கிலி அவள் கையைத் தொட்டதில்லை. இன்றைக்குப் பதினொரு பேர் முன்னால் எட்டிப் பிடித்தார். இரண்டு கையாலும் பிடித்தார்.

"அடியே, அண்ணனுக்கு இன்னைக்குத்தான் மாப்பிள்ளை முறுக்கு வந்திருக்கு!" என்று ஒருத்தி கத்த, பதினொன்றும் சிரித்தன.

"விடுங்க, மானம் போவுது" என்றாள் அழகுத்தாய். அவர் விடவில்லை. ஒரு கையில் அவளையும் மறு கையில் பலகையையும் பிடித்துக்கொண்டு, பலகையைப் பிடுங்கி அவள் முகத்துக்கு நேரே திருப்பினார்.

அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். நீட்டிய காலை மெல்ல இழுத்துக்கொண்டாள்.

"இதை வாயால சொல்றதுக்கு என்ன கேடு?"

"போதாதாம்" என்றார் சங்கிலி.

அழகுத்தாய் நின்று திட்டித் திட்டி, எட்டுப் பலகையையும் வெளிப்பக்கம் பார்க்கத் திருப்ப வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். "சிவப்பா பலகையைப் பார்த்தா அந்தத் திசைக்கே வராதீங்கடி" என்று மற்றவர்களிடமும் சொல்லிவைத்தாள்.

மூன்று நாள் முடிந்தது. களை முழங்கால் உயரம். சனிக்கிழமை விடிந்ததும் மூவரும் எட்டுப் பலகையையும் பிடுங்கிக் கிடத்தினார்கள்.

"எடுத்தாச்சுன்னு ஆட்களுக்கு எப்படித் தெரியும்?" என்றான் தவசி.

"ஓடிப்போய் நான் சொல்லிட்டு வரட்டா?" என்றார் சங்கிலி.

"வாயாலயா?" என்றார் மாடக்கண்ணு. சங்கிலி வெட்கப்பட்டு உட்கார்ந்தார்.

பலகையின் மறுபக்கம் காலியாக இருந்தது. சிவப்புப் பெயிண்டும் மிச்சம் இருந்தது. தவசி எட்டிலும் பெரிதாக எழுதினான்: 'இங்கே இருந்த எச்சரிக்கைப் பலகை எடுக்கப்பட்டுவிட்டது.' அதே எட்டுக் குழியில் நட்டார்கள். எழுத்து வெளிப்பக்கம்தான். ஒரு தடவை செய்த தப்பை மறு தடவை செய்கிற ஆட்கள் இல்லை.

வண்டிப்பாதை முக்கில் பன்னிரண்டு பேரும் தெரிந்தார்கள். முன்னால் வந்த அழகுத்தாய் கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தாள். சிவப்பாக எட்டுப் பலகை. சட்டென்று திரும்பினாள். பின்னால் பதினொரு பேரும் திரும்பினார்கள்.

சங்கிலி வரப்பில் நின்று விரல்விட்டு எண்ணினார். பன்னிரண்டு முதுகு. மறுபடி எண்ணினார். பன்னிரண்டேதான்.

"மாடக்கண்ணு, பார்த்ததுமே திரும்பணும்னு ஆபீசரம்மா சொன்னாங்கள்ல?" என்றார், கண் கலங்க. "இப்பத்தான்யா பலகை சரியா வேலை செய்யுது!"