கள்ளியடியில் ஊற்றாம்!

எங்கு பார்த்தாலும் செம்மணல் மேடுகளாக இருந்த ஒரு காட்டில், சப்பாத்திக்கள்ளிப் புதர் ஒன்று இருந்தது. அதன் அடியில் ஒரு கௌதாரி முட்டையிட்டு அடைகாத்து வந்தது. சுற்றிலும் முள். குஞ்சு பொரிக்கும்வரை கௌதாரிக்கு அந்த முள்தான் காவல்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. புல் கருகியது, குட்டை சேறாகிவிட்டது. கள்ளி மட்டும் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் குலுங்கியது. அது போதாதா நரிக்கு? நேரே காட்டுப்பன்றியிடம் ஓடியது.

"அண்ணே, நாமெல்லாம் நாக்கு வறண்டு சாகிறோம். அந்தக் கள்ளி மட்டும் எப்படிப் பூக்கிறது? அடியில் ஊற்று இருக்கிறது, நானே மோப்பம் பிடித்தேன். கௌதாரி அதை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது!"

பன்றிக்கு ரத்தம் கொதித்தது. கொஞ்சமாவது யோசித்ததா? இல்லையே! முயல், கீரி, மான் என்று கண்ணில் பட்டவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது.

"ஏய் கௌதாரி, வெளியே வா! புதரைத் தோண்டப் போகிறோம்."

கௌதாரி சிறகை விரித்து மறித்தது. "தோண்டுவீர்களா? என் முட்டைகள் என்ன ஆவது? இன்று காலையில் உங்களோடு சேர்ந்து நானும் அந்தக் குட்டைச் சேற்றைத்தானே உறிஞ்சினேன்? வீட்டில் ஊற்றை வைத்துக்கொண்டு யாராவது சேறு குடிப்பார்களா? என்றைக்கோ பெய்த மழையை மடலில் சேர்த்துவைத்துப் பிழைக்கிறது இந்தக் கள்ளி. அதுகூடவா உங்களுக்குத் தெரியாது?"

"வாயாடாதே!" என்று கத்தியது முயல். அதே முயல்தான், குழந்தைகளே, பருந்துக்குப் பயந்து இந்தப் புதரோரம் எத்தனையோ தடவை ஒண்டியிருக்கிறது. நன்றி கெட்டது!

பன்றி மணலைக் கிளறத் தொடங்கியது. இனிக் கத்திப் பயனில்லை என்று கௌதாரிக்குப் புரிந்தது. கோபத்தை விழுங்கிக்கொண்டது.

"சரி, தோண்டுங்கள். ஆனால் எந்த இடத்தில் என்று நரியார் காட்டட்டும். மோப்பம் பிடித்த மூக்கு அவருடையதுதானே?"

"அதுவும் நியாயம்தான். நரி, மூக்கை வைத்துக் காட்டு" என்றது பன்றி.

நரி திருதிருவென்று விழித்தது. "நானா? அண்ணே, உங்கள் தோல் தடித்த தோல். நீங்களே புதரைப் பெயர்த்துத் தள்ளிவிடுங்கள். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்."

"மிச்சமா? என் முட்டைகளைத்தானே சொல்கிறாய்!" என்று சீறியது கௌதாரி.

பன்றிக்குச் சந்தேகம் தட்டியது. நரியைப் பின்னாலிருந்து ஒரே முட்டு முட்டியது. நரியின் முகம் கள்ளிக்குள் செருகிக்கொண்டது. "ஐயோ, அம்மா!" வெளியே இழுத்தபோது மூக்கெல்லாம் முள். ஒரு பொட்டு ஈரம் இல்லை, காய்ந்த மணல்தான் ஒட்டியிருந்தது.

"ஊற்று எங்கேடா?"

நரி ஊளையிட்டுக்கொண்டே ஓடிப்போனது.

"தப்பு நடந்துவிட்டது, தங்கச்சி" என்று பன்றி அசடு வழிந்தது.

"இப்போதுதான் தங்கச்சியா? நாளைக்கு இன்னொருவன் வந்து வேறு கதை சொன்னால், மறுபடியும் கும்பல் சேர்த்துக்கொண்டு வருவீர்கள்தானே?"

கௌதாரி முட்டைகள்மேல் உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டது.

நீதி: உங்களைத் தூண்டிவிடுகிறவனிடம், "முதலில் நீ கையை வை" என்று சொல்லுங்கள்.