வால் முளைத்த வினை

முன்னொரு காலத்தில், ஆளைவிட அலை அதிகமாக இருந்த ஒரு ராஜ்ஜியம் இருந்தது. பெயர் சங்குமுனை. அங்கே கரையோரம் ஆழம் போதாது, கப்பல்கள் நடுக்கடலிலேயே நின்றுவிடும். கப்பலில் வரும் துரைமார்களைப் படகில் ஏற்றிக் கரை சேர்ப்பவள் வடிவு. அலையோடு மல்லுக்கட்டும் கை, சும்மா இருக்காத வாய், எதைக் கேட்டாலும் பிடித்துக்கொள்ளும் காது. அந்தக் காது மட்டும் இல்லையென்றால் இந்தக் கதையைச் சொல்ல ஆளே மிஞ்சியிருக்காது.

இங்கிலீஷை வடிவு யாரிடமும் படிக்கவில்லை. துடுப்புப் போட்டபடியே துரைமார் பேசுவதைக் கேட்டுக் கேட்டு ஒரு விஷயம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். நம் பாஷையில் வந்தேன், வந்தாய், வந்தான் என்று ஆளுக்கொரு வால் உண்டு. வாலைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம். இங்கிலீஷில் ஐ கம், யூ கம், வீ கம், தே கம், எல்லாம் மொட்டை. எதிரில் இல்லாத ஒற்றை ஆளைப் பற்றிப் பேசும்போது மட்டும் 'ஹீ கம்ஸ்' என்று பாம்பு சீறுகிற மாதிரி ஒரு 'ஸ்' வந்து ஒட்டிக்கொள்ளும். இங்கே இல்லாதவனுக்கு மட்டும் எதற்கு வால் என்று அவள் பல நாள் சிரித்திருக்கிறாள்.

ஒரு நாள் காலை கோர்வின் துரை என்று ஒருவர் படகில் ஏறினார். கறுப்புக் கோட்டு, வெளுத்த முகம். அலை படகை நனைத்தது, வடிவை நனைத்தது, அவர்மேல் மட்டும் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. என்ன வேலையாக வந்தீர்கள் என்று கேட்டாள். "ஐ டீச்" என்றார். அந்த 'ஐ' ஒரு குரலாக வரவில்லை. கிழவர், குழந்தை, பொம்பளை என்று ஒரு கூட்டமே அவர் தொண்டைக்குள்ளிருந்து சேர்ந்து சொன்னது. வடிவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனாலும் வாத்தியார் ஆயிற்றே என்று நினைத்துவிட்டாள்.

துரை பழைய பண்டகசாலையில் பள்ளிக்கூடம் திறந்தார். ஒருவர் ஒருவராகத்தான் வர வேண்டும், இரண்டு பேர் சேர்ந்து வரக்கூடாது என்பது ஒரே நிபந்தனை. போய்ப் படித்துவிட்டு வா என்று தங்கை அரும்பை முதல் ஆளாக அனுப்பி வைத்தவளே வடிவுதான். அதை நினைத்து அவள் பின்னால் பட்ட பாடு கொஞ்சமல்ல.

மதியம் அரும்பு திரும்பி வந்து முற்றத்தில் நின்றாள். சாப்பிட்டாயா என்று வடிவு கேட்டாள்.

"அவ சாப்பிடல" என்றாள் அரும்பு.

"யாருடி அவ?"

அரும்பு தன் நெஞ்சையே தொட்டுக் காட்டி, "அவதான்" என்றாள். முற்றத்தில் வெயில் அடித்தது. வேலிக்கு நிழல் இருந்தது, கோழிக்கு நிழல் இருந்தது, அரும்புக்கு இல்லை.

அம்மா சோறு போட வந்தாள். மூன்று பேர் இருக்கும் வீட்டில் இரண்டே தட்டு வைத்தாள். "அரும்பு இருந்தா இந்த வஞ்சிரத்தை விட்டிருக்கவே மாட்டா" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அரும்பு அவள் தோளை ஒட்டித்தான் நின்றுகொண்டிருந்தாள்.

வடிவு தங்கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். துரை என்ன சொல்லிக் கொடுத்தார் என்று தங்கையைக் கேட்டாள். அவர் அவளை உட்கார வைத்து, முகத்துக்கு நேராகப் பார்த்து, மூன்றே மூன்று தடவை பேசினாராம். "அரும்பு ஸிட்ஸ். அரும்பு லுக்ஸ். அரும்பு ஸ்லீப்ஸ்." எதிரில் இருந்தவளுக்கு, இல்லாதவளின் வாலை ஒட்டிவிட்டார். மூன்றாவது 'ஸ்' கேட்டதும் அவளுடைய 'நான்' கழன்று அவர் வாய்க்குள் போய்விட்டது. கூட்டமாக வந்தால் 'தே' என்றாகிவிடும், 'தே'க்கு வால் இல்லை. அதனால்தான் அவருக்கு ஒற்றை ஆள் வேண்டியிருந்தது.

நீங்கள் பயப்படாதீர்கள். புருஷனை எதிரில் வைத்துக்கொண்டே 'அவர்' என்று சொல்கிறவர்களை இந்த மந்திரம் ஒன்றும் செய்யாது. அது மரியாதை, இது வேறு.

இரண்டாம் நாள் அரண்மனைக் கட்டியக்காரர் மாசிலாமணி படிக்கப் போனார். அரசியைப் பார்க்க யார் வந்தாலும் வாசலில் நின்று, 'வருகிறார், வருகிறார்' என்று பேரும் பெருமையும் கூவுகிறவர் அவர். அவர் நிழலில்லாமல் வீடு திரும்பினார். அவர் மனைவி அவர் முன்னாலேயே உட்கார்ந்து அவரை நினைத்து அழுதாள்.

மூன்றாம் நாள் காலை வடிவு தங்கையைத் தேடினாள். பக்கத்திலேயே படுத்திருந்தவளைக் கண்டுபிடிக்க வெகுநேரமாயிற்று. நீ எழுந்திரு என்று சொல்ல வாயெடுத்தால் நாக்கு வழுக்கி 'அவ' என்றது. இன்றைக்குப் பொழுது சாய்ந்தால் தனக்குத் தங்கையே இருந்ததில்லை என்றாகிவிடும் என்று புரிந்தது. அழுதாள். அழுதுகொண்டே துடுப்பை எடுத்துக்கொண்டு அரண்மனை வாசலுக்கு ஓடினாள்.

கோர்வின் துரை அங்கே நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு அவருக்கு அரசியே வேண்டும். காவலர்கள் கதவைத் திறக்கவில்லை. கட்டியம் கூவாமல் இந்தக் கதவு திறந்ததில்லை, கூவுகிற ஆளையோ காணோம் என்று கையை விரித்தார்கள்.

"ஐ வெய்ட்" என்றார் துரை. அந்தக் கூட்டக் குரலுக்குள் அரும்பின் குரல் தனியாகக் கேட்டது. வடிவு பல்லைக் கடித்துக்கொண்டு பணிவாக முன்னால் போனாள்.

"நான் கூவலாம் துரை. ஆனா படகுக்காரி வாய்ல உங்க பெருமை அடங்குமா? உங்க பாஷையில, உங்க வாயாலயே கூவுங்க. கட்டியத்துல நான், எனக்குன்னு வரக்கூடாது. பேர் சொல்லித்தான் கூவணும். அதுதான் எங்க வழக்கம்."

பெருமை என்ற சொல் துரைக்கு இனித்தது. கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தினார்.

"கோர்வின் கம்ஸ்" என்று கூவினார். காலடியில் நிழல் சிலிர்த்தது.

"இன்னும் சத்தமா, துரை. அரசி உள்ளே தூரத்துல இருக்காங்க."

"கோர்வின் ஸ்டாண்ட்ஸ்." நிழல் பாதி கழன்றது. துரை குனிந்து பார்த்தார். முகம் இன்னும் வெளுத்தது. நிறுத்துகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். 'ஐ ஸ்டாப்' என்றால் பிழைத்திருப்பார். ஆனால் உள்ளே இருந்த 'ஐ' எல்லாம் அவரவர் வீட்டை நினைத்துக்கொண்டு முன்னே வர மறுத்துவிட்டன. இரண்டு வால் ஒட்டிய வாய்க்கு மூன்றாவதும் தானாக வந்தது.

"கோர்வின் ஸ்டாப்ஸ்."

அவ்வளவுதான். வாய் மூடவில்லை. அதற்குள்ளிருந்து ஒவ்வொரு குரலாக 'நான்', 'நான்' என்று புறப்பட்டு, வெயிலில் நாலாபக்கமும் பறந்தது. எத்தனையோ ஊர்க் குரல்கள், எத்தனையோ பாஷைகள். கடைசியில் கறுப்புக் கோட்டு மட்டும் படியில் சரிந்தது. காவலர்கள், இங்கே யாரோ நின்றார்களே என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள்.

வடிவு எதற்கும் நிற்காமல் வீட்டுக்கு ஓடினாள். மாசிலாமணி தெருவில் நின்று, "நான் வந்துட்டேன்" என்று தன் பெண்டாட்டிக்கே கட்டியம் கூவிக்கொண்டிருந்தார். முற்றம் காலியாக இருந்தது. அம்மா இரண்டு தட்டை எடுத்து வந்தாள். வேலியோரம் முதலில் ஒரு நிழல் விழுந்தது, அப்புறம் அரும்பு தெரிந்தாள்.

"நீ... அரும்பு, நீதானே?" என்றாள் வடிவு.

"நான்தான் அக்கா. எனக்குப் பசிக்குது."

அம்மா தட்டுகளைப் பார்த்தாள். மூன்றாவதை ஏன் மறந்தோம் என்று அவளுக்கு விளங்கவில்லை. தன்னையே திட்டிக்கொண்டு உள்ளே போய் எடுத்து வந்து வைத்தாள், பெரிய வஞ்சிரத் துண்டை அதில் போட்டாள்.

அரசி வடிவைத் தன் சபையின் மொழிபெயர்ப்பாளர் ஆக்கினாள். படகை மட்டும் வடிவு விடவில்லை. அந்தக் கரையில் அலை திரும்பும்போதெல்லாம் மணலில் ஒரு 'ஸ்' கேட்கும். துரைதான், தன்னை யாராவது 'நீ' என்று கூப்பிட மாட்டார்களா என்று கேட்கிறார். இன்றுவரை யாரும் கூப்பிடவில்லை. கதை கேட்ட நீங்களும் கூப்பிட வேண்டாம், உங்கள் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுச் சாப்பிடப் போங்கள்.