உவரி அழித்த வரவேற்புரை

கடலோர ஊரில் ஒரு கம்பெனி. யாரோ எழுதி, எவரும் எடுத்துக்கொள்ளப் பொதுவில் வைத்த மென்பொருள் நிரல் நூலகத்தைக் கொண்டு, ரெஜினா அங்கே ஒரு சமூக வலைத்தளம் கட்டினாள். ஊருக்கொரு சர்வர். செய்திகள் கடற்காற்றுப்போல ஊர்விட்டு ஊர் போயின.

பக்கத்து ஊரான உவரியின் சர்வரில் யாரோ முதலாளி பொன்னுத்துரையைக் கேலி செய்து எழுதிவிட்டார்கள்.

"உவரியில கெடக்கதையும் நான் இங்க இருந்தே அழிக்கணும். முடியலன்னா நாளையில இருந்து வராதம்மா" என்றார் அவர் ரெஜினாவிடம்.

"முடியும் சார். ஆனா இந்த நூலகத்துக்குப் பெரிய சர்வர், சின்ன சர்வர்னு தெரியாது. உங்களுக்குக் குடுக்கிற அழிக்கிற அதிகாரத்த உவரிக்காரங்களுக்கும் குடுத்துரும்."

"அவனுவ கெடக்கானுவ. நீ குடு."

கொடுத்தாள். கேலி மறைந்தது.

மாலையில் வலைத்தளத்துக்கு முறைப்படி திறப்பு விழா. முதலாளி தளத்தில் எழுதிய நீண்ட வரவேற்புரை பெரிய திரையில் விரிந்தது. பிறகு, ஈரமணலில் எழுதியதை அலை தொட்டதுபோல வரிவரியாகக் கரைந்தது. திரை வெறும் நீலமாக நின்றது. விருந்தினர்கள் கனவில் இருப்பவர்களைப்போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரும்மா அழிச்சது?"

"உவரி, சார்."

"அந்த அதிகாரத்த எடுத்துரு."

"யாரோடத சார்?"

பொன்னுத்துரை நீலத்திலிருந்து ரெஜினாவின் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு பேரோடதயும். எடுத்துட்டு, நாளைக்கு நேரத்துக்கு வந்துரு."