கைகளுக்கு நடுவே

பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியே ஆயுசில் பாதியைக் கழித்துவிட்டு, தலை நரைத்த பிறகு ஆராய்ச்சிக்கு வந்தவர் ஆவுடையப்பன். அவருடைய வழிகாட்டி பேராசிரியர் மெஹருன்னிசா அவரைவிட ரொம்பவே இளையவர். அவர் இவரை ‘சார்’ என்பார். இவர் அவரை ‘மேடம்’ என்பார்.

ஆவுடையப்பன் எடுத்துக்கொண்ட கேள்வி ஒன்றுதான். பக்கத்துச் சுருள் விண்மீன் மண்டலங்களில், பிரகாசமான நட்சத்திரம் எதுவும் அருகில் இல்லாத இடத்திலும் மெல்லிய வாயு ஒளிர்கிறது. அப்படி ஒளிரும்படி அதன் அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுப்பது எது?

சுருளின் மையத்திலிருந்து வளைந்து நீளும் கைகளில் பிறக்கும் இளம் பெருநட்சத்திரங்கள்தான் என்று எழுதினார். அவற்றின் புறஊதா ஒளி, மேகங்களின் இடுக்கு வழியே கசிந்து வருகிறது என்றார்.

கருத்தரங்கில் ஒரு மாணவி எழுந்தாள். “அவ்வளவு தூரம் கசிஞ்சு வந்தா ஒளி குறைஞ்சுக்கிட்டே போகணுமே, சார். ஏன் குறையலே?”

ஆவுடையப்பன் காகிதங்களை அடுக்கிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினார்.

மறுநாள் காலை மெஹருன்னிசாவின் அறை வாசலில் நின்றார்.

“நான் ஊருக்குக் கிளம்பறேன், மேடம். இது இளசுங்க செய்ய வேண்டிய வேலை.”

மெஹருன்னிசா அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். கணினியில் ஒரு சுருள் மண்டலத்தின் படத்தைத் திறந்தார்.

“இளம் நட்சத்திரங்க இருக்கிற இடத்தையெல்லாம் மறைச்சிடுங்க.”

ஆவுடையப்பன் ஒவ்வொன்றாகக் கறுப்பாக்கினார். மறைத்த இடங்களைச் சுற்றி ஒளி மிச்சமிருந்தது; தள்ளிப் போகப் போக மெலிந்தது.

“இது கசிவு. நீங்க எழுதினது சரிதான். இன்னும் தள்ளிப் போங்க.”

கைகளுக்கு நடுவே வந்தார். அங்கே ஒளி மெலியவில்லை. மங்கலாக, ஒரே சீராகப் பரவியிருந்தது.

“அங்க என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்ல மேடம். கிழட்டு நட்சத்திரங்கதான்.”

“எப்படிப்பட்ட கிழடு?”

“ஒரு காலத்துல சூரியன் மாதிரி இருந்தது. மேல இருந்ததையெல்லாம் ஊதித் தள்ளிட்டு, உள்கரு மட்டும் மிஞ்சி நிக்குது.”

“அந்தக் கரு எவ்வளவு சூடு?”

“லட்சம் டிகிரிகூட இருக்கும்…”

சொல்லிக்கொண்டே வந்தவர் மறுபடி படத்தைப் பார்த்தார். இளம் பெருநட்சத்திரங்களுக்குக்கூட அவ்வளவு சூடு பெரும்பாலும் கிடையாது; அந்தச் சூட்டில் வெளிவருவது பெரும்பாலும் புறஊதா ஒளிதான்.

“ஒவ்வொண்ணும் மங்கல்தான்,” என்றார் மெதுவாக. “ஆனா எங்க பாத்தாலும் இருக்கே, மேடம்.”

“பின்ன ஏன் கணக்கில சேர்க்கலே?”

ஆவுடையப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அதுங்க காலம் முடிஞ்சுபோச்சுன்னு நினைச்சிட்டேன்.”

“அது அந்த வாயுவுக்குத் தெரியாதே, சார்.”