எட்டும் தூரம்

பல் மருத்துவர் மாசிலாமணி ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு மலைப்பாதையில் ஜீப் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தார். ஈரோட்டில் அவருக்கு நல்ல பெயர். கற்றுக்கொடுத்தவர் ரெஜினா. அவரைவிடப் பத்து வயதாவது இளையவர். ராணுவத்தில் தகவல் தொடர்புப் பிரிவில் இருந்துவிட்டு வந்து, சங்ககிரிக்குப் பக்கத்தில் ஓடாமல் கிடந்த ஒரு கல்குவாரியைப் பிடித்து, பாறையிலும் சேற்றிலும் வண்டி ஓட்டப் பழக்கிக்கொண்டிருந்தார். எல்லோரும் அவரை மேஜர் என்றே கூப்பிட்டார்கள்.

மாசிலாமணி நல்ல மாணவர். சொன்னதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார். பிடித்துக்கொண்டதை உடனே பக்கத்தில் இருப்பவருக்கு விளக்கவும் தொடங்கிவிடுவார். வாயைத் திறந்து படுத்திருப்பவர்களிடம் நாள் முழுக்கப் பேசிப் பழகியவர்.

அவர் மனைவி பூங்கோதையும் கூடவே வந்து கற்றுக்கொண்டார். அதிகம் பேசமாட்டார். மேடு ஏறும்போது இன்ஜின் திணறுகிறதா என்று காது கொடுத்துப் பார்த்துவிட்டு கியர் மாற்றுவார்.

மழைக்காலத்தில் ஒரு பயணம் முடிவானது. ஏற்காட்டுக்குப் பின்புறம் ஒரு காப்பித் தோட்டத்தின் பழைய பாதை. ஐந்து வண்டிகள். போன் எடுக்காத இடம் என்பதால் எல்லா வண்டியிலும் வாக்கி டாக்கி இருக்க வேண்டும் என்றார் மேஜர்.

மாசிலாமணி அந்த வாரமே குவாரிக்கு வந்து நின்றார். சிக்கிய வண்டியை இழுத்தெடுக்கும் விஞ்ச், இழுவைக் கயிறு, டயருக்குக் காற்றடிக்கும் பம்ப் எல்லாம் வாங்கியாகிவிட்டது. வாக்கி டாக்கியில்தான் குழப்பம்.

"ஒருத்தன் அஞ்சு வாட்டுங்கறான், இன்னொருத்தன் இருபத்தஞ்சுங்கறான். ஏரியல் நீளம் வேணும்ங்கறான். எது மேடம் ரொம்ப தூரம் எட்டும்?"

மேஜர் தன் மேசையிலிருந்து கையடக்கமான இரண்டு செட்டுகளை எடுத்தார். ஒன்றை அவரிடம் கொடுத்தார்.

"குவாரியோட அந்தக் கடைசிக்கு நடங்க. பட்டனை அழுத்திப் பேசிக்கிட்டே போங்க. நான் நிறுத்தச் சொல்றப்ப நிறுத்துங்க."

மாசிலாமணி பேசிக்கொண்டே நடந்தார். பாறையைப் பற்றிப் பேசினார். வெயிலைப் பற்றிப் பேசினார். ஏரியல்களின் வகைகளைப் பற்றிப் பேசினார். குவாரியின் எல்லையில் வேலி வந்ததும் பேச்சை முடித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"எங்க வரைக்கும் கேட்டுது மேடம்?"

"கடைசி வரைக்கும் கேட்டுது. நாலஞ்சு தடவை நிறுத்தச் சொன்னேனே?"

மாசிலாமணி சிரித்தார். "நான் பட்டனை அழுத்தியிருந்தா நீங்க சொல்றது எனக்கு எப்படிக் கேட்கும்? இதுல ஒரு நேரத்துல ஒருத்தர்தானே பேச முடியும்!"

"ஆமா," என்றார் மேஜர்.

"அது சரி, எதை வாங்கட்டும்?"

"உங்ககூட யார் வர்றாங்க?"

"கோதைதான். பழைய ஜீப்பை அவ ஓட்டறா. புதுசை நான் ஓட்டறேன்."

"அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி வாங்குங்க."

மாசிலாமணி தலையாட்டிவிட்டுப் போனார். ஆனால் கடைக்குப் போனபோது அவருக்கு வேறு நியாயம் தோன்றியது. முன்னால் போகிறவன்தான் பாதையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பின்னால் வருகிறவளுக்குக் கேட்டால் போதும். தன் வண்டிக்கு இருப்பதிலேயே சக்தி வாய்ந்த செட்டைப் பொருத்தினார். அதற்கு உரிமம் வேண்டியிருந்தது. அலைந்து அதையும் வாங்கினார். பூங்கோதைக்குக் கையில் பிடிக்கும் சின்ன செட் ஒன்று வாங்கினார்.

"இது எட்டுமாங்க?" என்று பூங்கோதை கேட்டார்.

"நான் பேசறது உனக்கு நல்லாக் கேட்கும்," என்றார் மாசிலாமணி.

கிளம்பும் அன்று தோட்டத்து வாசலில் மேஜர் எல்லோரையும் நிறுத்திச் சொன்னார். "மழை பெஞ்சிருக்கு. ஒவ்வொரு வளைவிலயும் பின்னால வர்ற வண்டியோட லைட்டைக் கண்ணாடியில பார்த்துட்டு அப்புறம் நகருங்க. பேச வேண்டியதைச் சுருக்கமாப் பேசுங்க."

முதலில் மேஜரின் வண்டி. அடுத்து இரண்டு வண்டிகள். நான்காவது மாசிலாமணி. கடைசியில் பூங்கோதை.

பாதை ஒரு வண்டி அகலம்தான். வலப்பக்கம் மேடு, இடப்பக்கம் காப்பிச் செடிகளோடு இறங்கும் சரிவு. பாதி ஏறும்போதே பனிமூட்டம் வந்து மூடிக்கொண்டது.

மாசிலாமணிக்கு உற்சாகம் தாங்கவில்லை. மைக்கை எடுத்தார்.

"கோதை, இங்க ஒரு பாறை நீட்டிட்டிருக்கு, வலது பக்கம் ஒட்டி வா. ஃபர்ஸ்ட் கியரை மாத்தாதே. கிளட்ச் மேல காலை வெச்சுட்டே ஓட்டாதே, எத்தனை தடவை சொல்லியிருக்கேன். இப்ப ஒரு பள்ளம் வருது பாரு…"

பேச்சு ஓய்ந்த நேரத்திலும் அடுத்ததைச் சொல்லக் கட்டைவிரல் பட்டனை அழுத்தியபடியே இருந்தது. ஒரு வளைவு போனது. இன்னொரு வளைவும் போனது. கண்ணாடியில் பனிதான் தெரிந்தது. பின்னால்தான் வருவாள் என்று அவர் மேலே போனார்.

மேலே ஒரு சமதளத்தில் மேஜர் நின்றார். பின்னால் வந்த வண்டிகளும் வரிசையாக நின்றன. கடைசி வண்டியைக் கூப்பிட வேண்டும். மைக்கைக் கையில் எடுத்து இடைவெளிக்காகக் காத்திருந்தார். ரேடியோவில் மாசிலாமணியின் குரல் கிளட்ச்சைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. நடுவில் மேஜர் கூப்பிட்டுப் பார்த்தார். அந்தப் பெரிய செட்டுக்கு முன்னால் எதுவும் எடுபடவில்லை.

மேஜர் வண்டியை அணைத்துவிட்டு இறங்கினார். தூறலில் பின்னோக்கி நடந்தார். இரண்டு வண்டிகளைத் தாண்டி மாசிலாமணியின் ஜன்னல் பக்கம் வந்து நின்றார். மாசிலாமணி அவரைப் பார்த்துப் புன்னகைத்தபடியே பேசிக்கொண்டிருந்தார்.

மேஜர் உள்ளே கையை விட்டு, அவர் விரல்களை விலக்கி, மைக்கை எடுத்துக்கொண்டார்.

ஸ்பீக்கரில் கொஞ்சம் இரைச்சல். பிறகு ஒரு சின்னக் குரல். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கம்மியிருந்தது.

"…இன்னும் சாயுதுங்க. யாராச்சும் கேட்கறீங்களா?"

 மாசிலாமணி கதவைத் திறந்து ஓடப் பார்த்தார். மேஜர் அவர் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டு மைக்கில் பேசினார்.

"கோதை, நான் ரெஜினா. கேட்குது. சொல்லுங்க."

சொல்லிவிட்டு விரலை எடுத்தார்.

மறுமுனையில் அழுகை மாதிரி ஒரு மூச்சு. பிறகு பூங்கோதை சொன்னார். ஓரத்து மண் சரிந்து இடது பின்சக்கரம் வெளியே தொங்குகிறது. ஜீப் ஒரு மரத்தில் சாய்ந்து நிற்கிறது. மரமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்கிறது. பிரேக்கை மிதித்த காலை எடுக்க முடியவில்லை. ஹார்ன் அடித்துப் பார்த்தார், யாருக்கும் கேட்கவில்லை.

மேஜர் நடுவில் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. முழுக்கச் சொல்லி முடித்த பிறகு, "காலை அப்படியே வெச்சுக்குங்க. வந்துட்டோம்," என்றார்.

மாசிலாமணியின் வண்டியையே பின்னுக்கு எடுத்தார்கள். மேஜர் கீழே நடந்து வழிகாட்ட, மாசிலாமணி கண்ணாடியில் அவர் கையை மட்டும் பார்த்துப் பின்னோக்கி இறங்கினார். மற்ற வண்டிக்காரர்கள் ஒரு கயிற்றைப் பூங்கோதையின் ஜீப்பில் மாட்டி, மேட்டில் நின்ற பெரிய பலாமரத்தில் கட்டினார்கள். இன்னொரு கயிறு மாசிலாமணியின் வண்டியின் பின்கொக்கியிலிருந்து பூங்கோதை ஜீப்பின் முன்கொக்கிக்கு.

"நான் கையைக் காட்டினா நகருங்க. மடக்கினா நில்லுங்க," என்றார் மேஜர்.

 மேஜர் கை காட்டினால் மாசிலாமணி நகர்ந்தார். மடக்கினால் நின்றார். சாய்ந்திருந்த ஜீப் முனகியபடி நிமிர்ந்து, சக்கரம் பாதையில் ஏறியது. தாங்கி நின்ற சில்வர் ஓக் மரம் வேரோடு பெயர்ந்து சரிவில் உருண்டு போனது. அது அடியில் போய் விழுந்த சத்தம் கேட்க வெகுநேரம் ஆனது.

பூங்கோதையைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். பிரேக் மிதித்த கால் நிற்காமல் உதறியது. யாரோ பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார்கள். அவர் ஒரு பாறையில் போய் உட்கார்ந்துகொண்டார். சின்ன செட் இன்னும் கையிலேயே இருந்தது.

மாசிலாமணி பக்கத்தில் போனார்.

"அதுக்குத்தான் நான் அப்பவே சொன்னேன் கோதை, வலது பக்கம் ஒட்டி…"

பூங்கோதை அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு டீயைப் பார்த்தார்.

மாசிலாமணி வாயை மூடிக்கொண்டார். எழுந்து மேஜரிடம் வந்தார். மேஜர் நனைந்த கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"மேடம்."

"சொல்லுங்க டாக்டர்."

"அவ சின்ன செட்டுல கூப்பிட்டுட்டே இருந்திருக்கா. உங்களுக்கு ஏதாச்சும் கேட்டுதா?"

"இல்ல. உங்க குரல் மட்டும்தான் கேட்டுது."

மாசிலாமணி கீழே பார்த்தார். செருப்பில் சிவப்புச் சேறு அப்பியிருந்தது.

"அவ்வளவு நேரமும் என்ன சொல்லியிருப்பா?"

மேஜர் கயிற்றை முடிச்சுப் போட்டுத் தரையில் வைத்தார்.

"அதோ உட்கார்ந்திருக்காங்க, டாக்டர். போய்க் கேளுங்க."

மாசிலாமணி போனார். பாறையில் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எதுவும் பேசவில்லை.